மறதி என்றால் முதுமை மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அத்தை புரட்டாசியில் மட்டுமல்ல, வருடம் முழுவதும் சைவம். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன வருடம் அடுப்பை அணைக்க மறந்தார், பேரன் பெயரே தடுமாறியது. வயசாச்சு என்று விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு! காய்கறியில் இந்தச் சத்து கிடையாது. மெட்ஃபார்மினும் உடல் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். ஊசி போட்டபின், சில மாதங்களில் நன்றாகவே தெளிந்துவிட்டார். தைராய்டு குறைவும் மனச்சோர்வும் சில தூக்க மாத்திரைகளும்கூட மறதி தரும். அல்சைமர் என்ற மூளை நோய் வேறு, டொனெபெசில் போன்ற மருந்துகள் அறிகுறியைக் கொஞ்சம் தணிக்குமே தவிர, குணமாக்காது. சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீடுகளில் சர்க்கரை இருக்கிறது! பெரியவர்களுக்கு மறதி தெரிந்தால், தயவுசெய்து பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்