இஸ்திரி அண்ணனுக்கும் தெருவார் எல்லோருக்கும்

மூச்சு அடைத்துத் திணறிய எங்கள் காக்கட்டீல் கிளி கொண்டையன் பிழைத்துவிட்டான். மூச்சு விட வைத்திருந்த குழாயை நேற்று எடுத்துவிட்டார்கள். இன்று காலை குக்கர் விசிலுக்குப் போட்டியாகச் சீட்டியடித்தான். விசாரித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். நடந்ததைத் திரும்பச் சொல்லவில்லை. பாதிப் பேர் எங்கள் வாசலில்தான் நின்றிருந்தீர்கள்.

அப்போது ஆளுக்கொரு யோசனை வந்தது. தண்ணீர் ஊற்று, தலைகீழாகப் பிடித்துத் தட்டு, நெஞ்சை அமுக்கு. எல்லாம் பாசத்தில் வந்தவை, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணன் வந்ததும் செய்த முதல் காரியம், என் மாமியார் கையிலிருந்த தண்ணீர்ப் பாலாடையை மெதுவாக வாங்கித் திண்ணையில் வைத்ததுதான். "மூச்சு இன்னும் ஓடுகிறது, ஊற்றினால் அதுவும் நின்றுவிடும் அம்மா" என்றார். அலகைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாததை விரல் விட்டுத் தேடக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தம் வண்டிக்குப் போய்விட்டார்.

வேலையைப் பார்க்கப் போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் ஓர் அட்டைப் பெட்டி, அதற்குள் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சூடேற்றிய துண்டு. அதைத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், கொஞ்சம் ஆறவிட்டார், பிறகுதான் விரித்தார். பறவையை வண்டிப் பக்கம் கொண்டுவர வேண்டாம், கரிப்புகை ஆகாது என்று அவரே நடையாய் நடந்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே தலை நிற்க, நெஞ்சில் கை படாமல் கொண்டையனைத் தூக்கி உள்ளே விட்டார். மூடியில் துளை போட்டு, இருட்டாக்கி, ஆட்டோவில் என் மடியில் வைத்தார்.

சிறுவயதில் மாடியில் கர்ணப் புறா வளர்த்தவராம். இத்தனை வருடம் துணி கொடுத்து வாங்கியும் எனக்குத் தெரியாது.

அவர் செய்தது எவ்வளவு சரி என்பதை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில்தான் புரிந்துகொண்டேன். பறவைக்கு நம்மைப் போல மூச்சிழுக்க உதவும் உதரவிதானத் தசை கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். கையால் இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருப்பதால் ஊற்றுகிற தண்ணீர் நேராக அதில் இறங்கிவிடலாம். கொண்டையனுக்கு அடைத்திருந்தது ஒரே ஒரு தினை. காக்கட்டீல் பறவைகளுக்கு இது நேர்வதுண்டாம். மருத்துவர் அவன் விலாப்பக்கம் சிறு துளையிட்டு, நுரையீரலோடு இணைந்த வயிற்றுப் பகுதிக் காற்றுப்பையில் குழாய் வைத்தார். தொண்டை அடைத்துக் கிடக்க, இடுப்பு வழியாக மூச்சு விட்டான்! கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். மயக்க மருந்தையும் அந்தக் குழாய் வழியாகவே கொடுத்து, தினையை எடுத்தார்கள்.

அந்த மருத்துவருக்கும், வேகத்தடைகளில் ஊர்ந்துபோன ஆட்டோ ஓட்டுநருக்கும், எங்களுக்கு இடம் விட்டுத் தங்கள் நாய்களை வெளியே கூட்டிப்போன வரிசைக்காரர்களுக்கும், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மாடி வீட்டு அக்காவுக்கும் நன்றி. "ஒரு பறவைக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டவருக்கும் வணக்கம். அண்ணன் அப்படிக் கேட்கவில்லை. பணம் நீட்டியபோது கோபித்துக்கொண்டார்.

எனவே நான் செய்யக்கூடியதைச் செய்யப் போகிறேன். அட்டைப் பெட்டி ஒன்றும் துண்டு ஒன்றும் இனி எங்கள் கூடத்து அலமாரியில் எப்போதும் இருக்கும். பறவை வளர்க்கும் யாரும் எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெருப் பிள்ளைகளுக்குக் காட்டித்தர அண்ணனும் சம்மதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை, இஸ்திரி வேலை முடிந்ததும், எங்கள் வீட்டுத் திண்ணையில். காயம் ஆறும்வரை கொண்டையனைத் தொட மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை.