மான் கறி தானமாக வரலாம், வெட்டுக்கூலி தானமாக வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் தாங்கள் சுட்ட மான்களை ஏழைகளின் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, அதில் எழுதியிருந்தது எதுவும் தவறில்லை. ஆனால் படித்து முடிக்கிறவருக்கு, காட்டில் விழுந்த மான் நேராக ஏழை வீட்டு அடுப்புக்குப் போய்விடுகிறது, இடையில் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை என்றுதான் தோன்றும். நான் அயோவா மாநிலத்தில் வசிக்கிறேன். குளிர்காலத்தில் எங்கள் ஊர் உணவு வழங்கும் மையத்தில் உறைந்த கறிப் பொட்டலங்களை வண்டியிலிருந்து இறக்கி அடுக்கும் வேலைக்குத் தன்னார்வமாகப் போகிறவன். அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் உள்ள பணக் கணக்கைத் தமிழ் வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை என்றாலே குற்றம், அதனால் இந்த விஷயமே சிலருக்கு விநோதமாக இருக்கும். இங்கே நிலைமை வேறு. 19ஆம் நூற்றாண்டில் கறிக்காகவும் தோலுக்காகவும் சுட்டுச் சுட்டு, 1900 வாக்கில் வெள்ளைவால் மான்கள் நாடு முழுக்கச் சில லட்சம்தான் மிச்சம் இருந்தன. அப்புறம்தான் காட்டு விலங்கின் கறியை விற்கக் கூடாது என்ற சட்டங்கள் இறுகின. 1900இல் வந்த லேசி சட்டம் அதில் முக்கியமானது. இன்று அதே மான் ஏறக்குறைய 3 கோடி. ஓநாயும் மலைச் சிங்கமும் பெரும்பாலான இடங்களில் இல்லை, சோளமும் சோயாவும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளைந்து கிடக்கின்றன, மான் பெருகாமல் என்ன செய்யும்? பயிரை மேய்கிறது, ராத்திரியில் காரில் வந்து மோதுகிறது. அதனால் அரசே உரிமம் கொடுத்துச் சுடச் சொல்கிறது, அதிலும் பெண் மான்களைச் சுடச் சொல்கிறது, எண்ணிக்கை குறைய அதுதான் வழி. ஒரு வேட்டைக்காரர் குடும்பத்துக்கு ஒன்றோ இரண்டோ மான் ஒரு வருடத்துக்குப் போதும். அதற்கு மேல் சுட்டதை அவர் விற்க முடியாது. ஒன்று யாருக்காவது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சுடாமலே விட வேண்டும். தானத் திட்டங்கள் இந்த இடத்தில்தான் பிறந்தன. பென்சில்வேனியாவில் 1991, மிசூரியில் 1992, மேரிலாந்தில் 1997, எங்கள் அயோவாவில் 2003.

சரி, மானை சும்மா கொடுத்தாகிவிட்டது. அப்புறம்?

சுட்ட இடத்திலேயே குடலை எடுத்துச் சுத்தம் செய்து, கெடுவதற்குள் கறி வெட்டும் கூடத்துக்குக் கொண்டுபோவது வேட்டைக்காரர் வேலை. இங்கே அந்தக் கூடத்தை மீட் லாக்கர் என்பார்கள், சின்னச் சின்ன ஊர்களில் குடும்பமாக நடத்தும் கடைகள். அவர்கள் அதைக் குளிர் அறையில் தொங்கவிட்டு, தோலுரித்து, எலும்பு நீக்கி, கொழுப்பைக் கழித்து, அரைத்து, இரண்டு பவுண்டுப் பொட்டலமாகக் கட்டி உறைய வைக்க வேண்டும். ஒருவர் தன் சொந்த மானை இப்படிச் செய்து வாங்க இன்று 100 டாலருக்கு மேல் கேட்கிறார்கள், அதுவும் சாசேஜ் மாதிரி எதுவும் சேர்க்காமல். ஒரு மானில் தேறுவது ஏறக்குறைய 20 கிலோ எலும்பில்லாத கறி. கிலோவுக்கு 5 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அரைத்த மாட்டுக்கறி கிலோ 11 டாலரைத் தாண்டிவிட்டது, அதோடு பார்த்தால் பாதிக்கும் குறைவு. கோழித் தொடையோடு ஒப்பிட்டால் அப்படிப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பணத்துக்குக் கோழியே வாங்கிக் கொடுத்துவிடலாமே, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோழி வாங்கினால் மான் குறையாது, பயிர்ச்சேதம் குறையாது, சாலை விபத்து குறையாது. இந்தப் பணத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. அப்புறம், மையத்துக்கு வருகிற குடும்பங்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி டப்பா உணவும் மாவுப் பொருளும்தான், கொழுப்பு குறைந்த நல்ல கறி கையில் கிடைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தவன் நான்.

அயோவாவில் இந்தக் கூலியை வேட்டைக்காரரிடம் கேட்பதில்லை. மான் உரிமம் வாங்கும் ஒவ்வொருவரிடமும் கூடுதலாக 1 டாலர் வாங்கி அந்த நிதியிலிருந்து லாக்கர்களுக்கு மானுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். விஸ்கான்சினிலும் பயிர்ச்சேத ஈட்டுக்காக உரிமத்தோடு வாங்கும் கட்டணத்திலிருந்துதான் கொடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் முன்பு கொடுப்பவரே 15 டாலர் கட்ட வேண்டியிருந்தது, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அதை எடுத்தது சரி என்பேன். விடியற்காலைக் குளிரில் நின்று, உரிமத்துக்கும் தோட்டாவுக்கும் பெட்ரோலுக்கும் செலவழித்து, கறியையும் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கூலியும் நீயே கட்டு என்றால் எத்தனை பேர் இரண்டாவது மானைச் சுடுவார்கள்? மேரிலாந்தில் தானம் கொடுத்த பெண் மானுக்கு வரிச்சலுகையே தருகிறார்கள்.

ஆனால் பாரம் இப்போது வேறு தோளுக்கு மாறியிருக்கிறது. லாக்கர்காரர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எங்களுக்குத் துப்பாக்கி வேட்டைப் பருவம் டிசம்பரில்தான், அந்த இரண்டு வாரங்களில் எல்லா மானும் ஒன்றாக வந்து குவியும். அதே நேரத்தில் பண்டிகைக்கான பன்றியும் மாடும் வரிசையில் நிற்கும். மான் வெட்டும்போது அரசு ஆய்வுக்கு உட்பட்ட மற்ற கறியோடு கலக்கக் கூடாது, மேசை, ரம்பம், அரைக்கும் எந்திரம் எல்லாவற்றையும் தனியாகக் கழுவ வேண்டும். சொந்த மானைக் கொண்டுவருகிற வாடிக்கையாளர் ஜெர்க்கி என்கிற உலர்கறி, சாசேஜ் என்று கேட்பார், அதில்தான் கடைக்கு வருமானம். தான மானில் வெறும் அரைத்த கறி, வெறும் அடிப்படைக் கூலி. எங்கள் பக்கத்து ஊர்க் கடைக்காரர் தான மான் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆள் கிடைக்கவில்லை, இடமில்லை, கட்டுப்படியாகவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது மான் கொடுக்க நினைக்கிறவர் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போக வேண்டும், போனாலும் குளிர் அறை நிறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பலாம். இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை, சின்ன லாக்கர்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். சோதனைச் செலவு.

2008இல் வடக்கு டகோட்டாவில் ஒரு தோல் மருத்துவர் உணவு மையங்களுக்குப் போயிருந்த மான் கறிப் பொட்டலங்களை வாங்கி ஸ்கேன் செய்து பார்த்தார். பாதிக்கும் மேற்பட்ட பொட்டலங்களில் உலோகத் துணுக்குகள். ஈயத் தோட்டா வேகமாகப் போய் எலும்பில் பட்டால் பொடிப்பொடியாகச் சிதறுகிறது, காயத்திலிருந்து ஒரு அடிக்கு மேலும் போய் ஒளிந்துகொள்கிறது, கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கையிருப்பை அழித்துவிடும்படி மாநிலம் மையங்களுக்குச் சொன்னது. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டது. மின்னசோட்டாவில் அதன் பிறகு தானக் கறியை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டே அனுப்புகிறார்கள். எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. ரைபிள் தோட்டாவைவிட எங்கள் பக்கம் அதிகம் பயன்படுத்தும் ஷாட்கன் குண்டு குறைவாகச் சிதறும் என்பது உண்மைதான், அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று ஆகிவிடாது. செம்புத் தோட்டா போட்டால் தொல்லையே இல்லை, ஆனால் விலை கூட.

இன்னொன்று சி.டபிள்யூ.டி. என்கிற மூளை நோய். 1967இல் கொலராடோவில் முதலில் தென்பட்டது, விஸ்கான்சினில் 2002இல், அயோவாவின் காட்டு மான்களில் 2013இல். நோய் வந்த மான் ஒரு வருடத்துக்கு மேலும் ஆரோக்கியமாகவே தெரியும். இதைப் பரப்பும் பிரியான் என்ற புரதத்தை வேக வைத்து அழிக்க முடியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியான ஒரு நிகழ்வும் இல்லை, யாரும் பயந்துவிட வேண்டாம். ஆனாலும் நோய் உள்ள பகுதியில் சுட்ட மானைச் சோதித்துப் பார், இருந்தால் சாப்பிடாதே என்றுதான் நாட்டின் நோய்த்தடுப்பு மையமே சொல்கிறது. சோதிக்கக் கழுத்து நிணநீர்க் கணுவை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நாள் கணக்கில் ஆகும், அதுவரை அந்த மான் ஏற்கெனவே நிரம்பி வழியும் குளிர் அறையில் ஒரு கொக்கியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பல மான்களின் கறியைச் சேர்த்து அரைத்த பிறகு ஒன்றில் நோய் என்று தெரிந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான்.

இந்தச் செலவைப் பார்த்துவிட்டு, தானமாகத்தானே போகிறது, இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று பேசுகிறவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். வேட்டைக்காரர் தன் பிள்ளைக்குச் சமைக்கும் மானைச் சோதித்து வாங்கிக்கொள்ளலாம், தோட்டா பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிடலாம், எந்த மான், எந்தக் காடு, எந்தத் தோட்டா எல்லாம் அவருக்குத் தெரியும். மையத்தில் வரிசையில் நிற்கும் தாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் வசதியும் இல்லை. அவள் பிள்ளைக்குப் போகும் கறிக்குத்தான் கூடுதல் சோதனை வேண்டும். எக்ஸ்ரேயும் ஆய்வகக் கட்டணமும் கறியின் விலையில் ஒரு பகுதி என்று வைத்தே திட்டம் போட வேண்டும், நிதி மிஞ்சினால் பார்க்கலாம் என்று தள்ளிவிடுகிற சமாச்சாரம் இல்லை இது.

பணம் எங்கிருந்து வரும்? உரிமத்தோடு வாங்கும் அந்த 1 டாலரை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை காலம் ஓட்ட முடியும் என்று தெரியவில்லை, 2003இன் டாலர் இப்போது எங்கே நிற்கிறது? மான் குறைந்தால் லாபம் விவசாயிக்கு, கார் ஓட்டுகிறவருக்கு, இழப்பீடு கொடுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கு. மான் மோதியதற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் நாடு முழுக்க வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல், அதற்கு அவர்கள் கொடுக்கும் தொகையோடு பார்த்தால் வெட்டுக்கூலி எம்மாத்திரம்? வேட்டைக்காரரின் ஒரு டாலரோடு மாநிலப் பொது நிதியும் காப்பீட்டுக்காரர்களின் பங்கும் சேர வேண்டும். லாக்கர்களுக்குக் குளிர் அறையைப் பெரிதாக்க மானியம் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இங்கே வசிக்கும் தமிழர்கள் பலரும் உங்கள் இதழை இணையத்தில் படிக்கிறார்கள். வேட்டை பிடிக்காதவர்கள், கறியே சாப்பிடாதவர்கள் அதில் நிறையப் பேர், அவர்கள் மனதை மாற்ற நான் வரவில்லை. மற்றவர்கள் ஊர் உணவு மையத்துக்குப் பணம் கொடுக்கும்போது மான் கறியின் வெட்டுக்கூலிக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பல மாநிலங்களில் இதற்கென்றே தனி நிதி இருக்கிறது. சோதனை செய்கிறீர்களா, எப்படி என்றும் கேளுங்கள். உங்கள் நிருபர் அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால், துப்பாக்கியோடு நிற்பவரைப் படம் பிடித்த பிறகு, டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஏதாவது ஒரு மீட் லாக்கரில் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டெமாய்ன், அயோவா