நம் பறவை நோக்கர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக என் அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்டாது. எத்தனை கூட்டம், எத்தனை நடை, என்ன புதுப் பறவை, நன்றி. இந்த முறை கொஞ்சம் நீளும். டீ குடித்துக்கொண்டே கேட்கலாம்.

முதலில் முறைப்படி சொல்ல வேண்டியவை. மழையால் தள்ளிப்போன டிசம்பரைத் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குத் தனுஷ்கோடி, மண்டபம், காரங்காடு என மூன்று குழுவாகப் போனோம். பட்டியல்களை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றியாயிற்று. இன்னும் ஏற்றாதவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி, எனக்கு உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

போன ஆடியில் கச்சான் என்ற மேலைக்காற்று ஓங்கி அடித்த வாரம், தனுஷ்கோடி மணலில் ஒரு கருமுதுகு ஆலா உட்கார்ந்திருந்தது. சூட்டி டெர்ன். முட்டையிடும் காலம் தவிரக் கரையை நாடாத நடுக்கடல் பறவை. படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் வாழ்த்துகள் குவிந்தன. நானும் கைதட்டும் பொம்மை போட்டேன். மறுநாள் போனபோது அது செத்துக் கிடந்தது. கையுறை போட்டு எடுத்துப் பார்த்தால் நெஞ்சில் சதையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்திக்கொண்டிருந்தது. பட்டினி. நம் பதிவேட்டில் அந்தப் பறவை இன்னமும் "ஆண்டின் சிறந்த பதிவு" என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கிறது.

செப்டம்பர் கூட்டத்தில் இதைச் சொல்லி, கடல் சூடாவதும் காரணமாக இருக்குமோ என்றபோது நம் இளைய உறுப்பினர் ஒருவர் மடக்கினார்: "அக்கா, காத்து தள்ளிட்டு வந்த பறவை. இதுக்கும் கடல் சூடாகுறதுக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. ஒரே ஒரு பறவையை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் பல பறவைகள் ஒதுங்கினாலும் நம்மால் சொல்ல முடியாது என்பதுதான் அன்றைக்கு எனக்கு உறைத்தது. வழக்கமான வருஷத்தில் எத்தனை ஒதுங்கும் என்று நாம் எண்ணியதே இல்லையே.

அக்டோபர் கூட்டத்தில் அதே தம்பியே அலாஸ்கா கதையைத் தேடிப் படித்து வந்து பேசினார். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் ஒரு பெரும் வெந்நீர்த் திட்டு தங்கிவிட்டது. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'ப்ளாப்'. 2015 கோடையிலிருந்து 2016 தொடக்கம் வரை, காமன் மர் என்ற கடற்பறவைகள் செத்தும் சாகக் கிடந்தும் ஏறக்குறைய 62,000 கரை ஒதுங்கின. கடலோடு போனவற்றையும் சேர்த்தால் பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று முதலில் கணக்கிட்டார்கள். 2024 டிசம்பரில் வந்த ஆய்வு அதையும் விஞ்சியது: அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம், அதாவது அங்கிருந்தவற்றில் பாதி.

இந்தப் பறவை 100 மீட்டருக்கும் கீழே முங்கி மீன் பிடிக்கும். அப்படியும் ஏன் பட்டினி? தினமும் தன் எடையில் பாதியளவு இரை வேண்டும் அதற்கு. வெந்நீரில் சிறுமீன்கள் குறைந்தன, இருந்தவையும் கொழுப்பில்லாமல் மெலிந்தன. காட் போன்ற பெரிய மீன்களுக்கோ சூட்டில் பசி கூடி, அதே சிறுமீன்களை அவையும் தின்று தீர்த்தன. அவ்வளவு ஆழம் போகும் பறவைக்கே அந்தக் கதி. நம் ஆலாக்கள் பாய்ந்தால் ஒரு மீட்டர் ஆழம் எட்டுவதே அரிது.

பாம்பனில் நமக்குப் படகு தரும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "ஆலா விழுற இடம் பாத்துத்தான் வலை விடுவோம். இப்ப சுத்திக்கிட்டே இருக்கு, விழ மாட்டேங்குது. மீனு கீழ போயிருச்சும்மா" என்றார். விஞ்ஞானிகள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். மேல்நீர் சூடாகி லேசானால் அது தனி அடுக்காக நின்றுவிடும். சத்துள்ள குளிர்நீர் அடியிலிருந்து ஏறி வராது. சிறுமீன்களுக்கு இரையாகும் மிதவை உயிர்கள் குறையும். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர், இந்தியப் பெருங்கடல் 1950 முதல் 2020 வரை நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடேறியதாகக் கணித்திருக்கிறார்கள்.

அதே பெரியவர் இன்னொன்றும் சொன்னார். அவர் அப்பா காலத்தில் பேய்ச்சாளை, அதாவது மத்தி மீன், இங்கே இத்தனை கிடையாதாம். உண்மைதான். கேரளக் கரையின் மீனாக இருந்தது பிறகு நம் பக்கமும் பெருகியது. கடல் சூடானதும் அதற்கு ஒரு காரணம் என்பது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் கருத்து. ஆக எல்லா மாற்றமும் ஆலாவுக்குப் பஞ்சம்தான் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. சூடை, காரல் என்ற சிறுமீன்கள் குறைந்த இடத்தில் பேய்ச்சாளை ஈடு செய்யுமா என்பதை யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். அங்கே 2016 கோடைச் சூட்டில் பவளம் வெளுத்து, உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7க்கு இறங்கியது. பவளம் அலையைத் தடுக்கும். அது செத்தால் பறவைகள் தங்கும் மணல் கரையும். ஆனால் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்குச் சூட்டைக் குற்றம் சொல்லக்கூடாது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது மனிதர்கள். நம் கண்காட்சிப் பலகையில் போன வருஷம் இதைத் தவறாக எழுதிவிட்டோம், திருத்தியாயிற்று.

ஒரு தோல்வியையும் பதிவு செய்ய வேண்டும். கடல் சூட்டை நாமே அளப்போம் என்று சங்கச் செலவில் தெர்மாமீட்டர் வாங்கினோம். நான்காவது வாரமே முடிச்சு அவிழ்ந்து கடலில் விழுந்துவிட்டது. முடிச்சுப் போட்டவள் நான். நல்லதாகப் போயிற்று. இடுப்பளவு நீரின் மதியச் சூடு கடலின் சூடு ஆகாது என்று ஒரு கல்லூரி ஆசிரியர் பிறகு விளக்கினார். ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கடல் மேற்பரப்புச் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்துத்தான் மீன் கிடைக்கும் இடத்தை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. அந்தக் கணக்கையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல செய்திகள்: 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைச் சரணாலயங்கள் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. ஜூன் 5 அன்று தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மோசமான செய்தி: 2024 அக்டோபரில் வளைமூக்கு உள்ளானும் கிரே பிளோவரும் ஐ.யு.சி.என் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் அழிவாய்ப்புள்ளவை ஆயின. இரண்டையும் "சாதாரணம்" என்று எழுதி எண்ணாமல் விட்ட பக்கங்கள் நம் பதிவேட்டில் நிறைய உண்டு.

செயற்குழு முடிவு இது. பதிவேட்டில் மூன்று புதுப் பத்திகள்: அந்த வாரத்துக் கடல் சூடு, மீன்பாடு பற்றிக் கரையில் கேட்டது, இறந்து ஒதுங்கிய பறவைகள். மாதம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே தூரம் நடப்போம். ஒன்றும் கிடைக்காவிட்டால் "இல்லை" என்று எழுதியே ஆக வேண்டும். அமெரிக்க மேற்குக் கரையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக இப்படி நடந்து எண்ணிவந்ததால்தான் 2015இல் நடந்தது வழக்கத்துக்கு மாறானது என்று உடனே தெரிந்தது. "ஆண்டின் சிறந்த பதிவு" என்ற தலைப்பை எடுத்துவிட வேண்டும் என்ற என் தீர்மானம் தோற்றுப்போனது. அடுத்த ஆண்டும் கொண்டு வருவேன்.

முதல் கரை நடை வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு. கையுறை அவசியம், செத்த பறவையை வெறுங்கையால் தொடக்கூடாது. தெர்மாமீட்டர் யாரும் வாங்கி வர வேண்டாம்.

இப்படிக்கு,
செயலர்