பொது வைஃபையின் வாசலில் ஓடிபிக்குக் காத்திருப்பவர்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொலைத்தொடர்புத் துறைச் செயலர் அவர்களுக்கும், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

பொது வைஃபை நம் நாட்டில் வேர்பிடிக்காததற்குக் கட்டணம், கருவிச் செலவு, மலிவான மொபைல் டேட்டா என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், அந்தப் பேச்சில் அதிகம் அடிபடாத ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்திலேயே மக்களால் அதில் எளிதாக இணைய முடிவதில்லை. "வைஃபை பிடிக்குது, நெட்டு வரல" என்று போனை நீட்டுபவர்களில் பலருடைய போனில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. பழுது உள்நுழைவு முறையில் இருக்கிறது. அந்த முறை தங்கள் விதிகளிலிருந்து பிறந்தது என்பதால்தான் இம்மடல்.

கடவுச்சொல் இல்லாத வைஃபை ஒன்றில் சேர்ந்தவுடன் போன் செய்யும் முதல் வேலை, தனக்கென வைத்திருக்கும் ஓர் இணைய முகவரியைத் தொட்டுப் பார்ப்பது. எதிர்பார்த்த பதில் வராமல் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டால், இங்கே உள்நுழைய வேண்டும் என்று புரிந்துகொண்டு ஒரு சிறிய சாளரத்தைத் திறக்கிறது. அதில் கைப்பேசி எண்ணை அடித்துவிட்டு ஓடிபிக்குக் காத்திருக்கிறோம். ஓடிபி வந்ததும் அதைப் பார்க்கக் குறுஞ்செய்திப் பக்கம் போனால், பல போன்களில் அந்தச் சாளரம் மூடிக்கொள்கிறது. சில போன்கள் வைஃபையையே உதறிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகின்றன. திரும்பி வந்தால் மறுபடியும் எண்ணைக் கேட்கும். சாளரம் தானாகத் திறக்காமல் போய், உலாவியில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பார்ப்பவருக்கோ, இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்துடன் (இடையில் எவரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி) இயங்குவதால், உள்நுழைவுப் பக்கத்துக்குப் பதிலாக இணைப்பு பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கைதான் வருகிறது. அதைக் கண்டு போனைப் பையில் போட்டுக்கொள்பவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த ஓடிபி எதற்காக வந்தது என்பதை அறிவேன். 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்றவர்களின் மின்னஞ்சல், யாரோ ஒருவருடைய பூட்டப்படாத வைஃபை வழியே அனுப்பப்பட்டது. அதன் பிறகு, 2009 பிப்ரவரியில், பொது வைஃபையைப் பயன்படுத்துவோரின் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று தங்கள் துறை பணித்தது. நோக்கத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வைஃபை மிகவும் தேவைப்படுவது மொபைல் சிக்னல் எட்டாத இடத்தில். அங்கே ஓடிபியும் எட்டுவதில்லை. இதைவிடவும் என்னை உறுத்துவது வேறொன்று. ஓடிபியை எவரிடமும் பகிராதீர்கள் என்று வங்கிகளும் அரசும் ஓயாமல் சொல்லிவரும் நாட்டில், பெயரை மட்டும் நம்பி இணைந்த ஒரு வைஃபை காட்டும் முகமறியாப் பக்கத்தில் எண்ணையும் ஓடிபியையும் தட்டச் சொல்லி மக்களைப் பழக்குகிறோம். அதே பெயரில் போலி வைஃபை ஒன்றைப் பரப்புவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. உண்மை எது, போலி எது என்று பயணி கண்டறிய இன்றைய முறையில் வழியே இல்லை.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம், டீக்கடையும் மளிகைக்கடையும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் இணையம் விற்கலாம் என்றது. நல்ல திட்டம், அந்தக் கால எஸ்டிடி பூத்தை மனத்தில் வைத்து எண்ணப்பட்டது. ஆனால் எஸ்டிடி பூத்தில் பேசுவதற்கு யாரும் கையில் இன்னொரு தொலைபேசியுடன் போக வேண்டியிருக்கவில்லை. வாணியிலோ முதலில் ஒரு செயலியை இறக்கிப் பதிவுசெய்ய வேண்டும்; அதை இறக்கவே இணையம் வேண்டும். 2018ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை 2022க்குள் 1 கோடி ஹாட்ஸ்பாட்டுகளை இலக்காக வைத்தது. வாணியில் அமைந்தவை இன்னும் லட்சங்களில்தான் எண்ணப்படுகின்றன. கடைக்காரர் வாங்கும் பிராட்பேண்ட் கட்டணம் வீட்டு இணைப்பின் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2025 ஜூனில் ஆணையம் வரம்பு விதித்ததை வரவேற்கிறேன். விற்பவரின் சிக்கலில் ஒரு பகுதி தீர்ந்தது. வாங்குபவரின் சிக்கல் அப்படியே இருக்கிறது.

தீர்வைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒருமுறை அடையாளத்தை உறுதிசெய்து போனில் ஒரு சான்றைப் பதித்துவிட்டால், அடுத்தடுத்த இடங்களில் போன் தானாகவே, மறையாக்கத்துடன், எதிரில் இருப்பது உண்மையான வைஃபைதானா என்பதையும் சரிபார்த்து இணைந்துகொள்ளும் பாஸ்பாயின்ட் என்ற முறை 2012 முதல் இருக்கிறது. இன்று புழக்கத்தில் உள்ள ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவையும் ஐபோன்களும் அதை அறியும். பல்கலைக்கழக மாணவர்கள் சொந்தக் கல்லூரியின் கணக்கை வைத்தே வேற்று நாட்டு வளாகத்திலும் இணைய உதவும் எடுரோம், இதே எண்ணத்தைப் பல ஆண்டுகளாக நடைமுறையில் காட்டிவருகிறது. நம்மிடம் இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு சிம்மும் அடையாளச் சான்று காட்டி வாங்கப்பட்டதே. அந்தச் சிம்மே வைஃபையிடம் தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும் தொழில்நுட்பமும் இருக்கிறது. அப்படியிருக்க, ஒவ்வொரு இடத்திலும் மனிதர் எண்ணை அடித்து ஓடிபிக்குக் காத்திருப்பது எதற்கு? மொபைல் நிறுவனங்கள் இதற்குத் தாமாக முன்வரமாட்டா. அவர்களுடைய டேட்டா வணிகத்துக்கு அது போட்டி. ஆகவே தங்கள் உத்தரவு தேவைப்படும்.

சிம் இல்லாத டேப்லெட்டில் படிக்கும் மாணவரையும், இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்து இறங்கும் உறவினரையும் இந்த ஏற்பாடு விட்டுவிடக்கூடாது. சில விமான நிலையங்களில் கடவுச்சீட்டை இயந்திரத்தில் காட்டி வைஃபை கூப்பன் பெறும் வசதி உள்ளது. பெரிய ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் உதவி மையத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கூப்பன் வாங்க வழி செய்யலாம்.

இவை நடைமுறைக்கு வரும்வரை, உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியை, திருப்பிவிடும் தந்திரம் எதுவும் இல்லாமல், இணையும்போதே போனுக்கு நேரடியாகச் சொல்லிவிடும் தொழில்நுட்ப நெறிமுறை 2020இல் வெளியாகிவிட்டது. அதைக் கட்டாயமாக்குங்கள். ஓடிபியைப் பார்க்க வெளியே போய் வந்தாலும் அடித்த எண் அழியாமல் இருக்க வேண்டும், பக்கம் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் இருக்க வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். எந்த உள்நுழைவுப் பக்கத்தையும் ஏற்பதற்கு முன், அலுவலகத்துப் புதுப் போனில் அல்லாமல், சில ஆண்டுகள் உழைத்த விலை குறைந்த போன் ஒன்றில், நெரிசல் நேரத்துப் பேருந்து நிலையத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுநீக்குநர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்