உள்ளே இருப்பவர்கள் யார்? மாநில மனநல ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரசு மனநல மருத்துவமனைகளில் உள்நோயாளிகளாக இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும், யார் தேடினாலும் கைக்குக் கிடைக்கிற மாதிரி வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். பெயர் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம் (கம்பிக்குப் பின்னால் ஒரு முகத்தைப் போடாவிட்டால் சில பத்திரிகைகளுக்குத் தூக்கம் வராது). வெறும் எண்கள் போதும்.

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794ல் தொடங்கியது, 1,800 படுக்கை கொண்டது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அந்தப் படுக்கைகளில் இருப்பவர்களைப் பற்றி என்ன தெரியும்? வயது, ஆணா பெண்ணா, என்ன நோய் என்று மூன்று கட்டம் போட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் ஒருவர் எத்தனை வருஷம் உள்ளே இருக்கிறார் என்பதை நோய் மட்டுமே முடிவு செய்வதில்லை. 2019ல் வெளிவந்த ஓர் ஆய்வு நாடு முழுக்க 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தது. உள்நோயாளிகளில் சுமார் 36 விழுக்காட்டினர் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டவர்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

ஏன் பெண்கள் என்பது வார்டு வாசலில் நின்றாலே தெரியும். என் அத்தையைப் பார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போய்வந்த காலத்தில் கவனித்திருக்கிறேன்: ஆண்கள் பக்கம் அம்மா வருவார், தங்கை வருவாள், தூக்குச்சட்டியில் குழம்புச் சோறு வரும். பெண்கள் பக்கம், கல்யாணமானவர்களாகவே இருந்தாலும், வருவது பெரும்பாலும் தள்ளாத வயதில் இருக்கும் அப்பாவோ அம்மாவோதான், அவர்களும் காலமானால் அதோடு சரி. அத்தைக்கு டிஸ்சார்ஜ் எழுதிய நேரத்தில் புருஷன் வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்கியிருந்தார்கள், பிறந்த வீட்டு கார்டில் யாரும் சேர்க்கவில்லை. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை, டாக்டர் குணமாகிவிட்டது என்று எழுதிய பிறகும் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்.

தெருவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் நிலைமை இன்னும் மோசம். கேஸ் ஷீட்டில் வயது சுமார் 40, முகவரி தெரியவில்லை, அழைத்து வந்தவர் காவல் துறை, அவ்வளவுதான். 'பேசுவதில்லை' என்று எழுதப்பட்டிருந்த ஒரு பெண்ணிடம் துப்புரவு வேலைக்கு வந்த அம்மா ஒருவர் தெலுங்கில் பேச்சுக் கொடுத்ததும் மடமடவென்று ஊர் பெயர் வந்ததாம், அட்டெண்டர் சொன்னார். தாய்மொழி என்று ஒரு கட்டம் இருந்து அதை யாராவது முயற்சி எடுத்து நிரப்பியிருந்தால்?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. தெருவில் திரிபவரைக் கண்டால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்கிறது 100ஆம் பிரிவு. சரி, அப்படிப் பதிவான வழக்குகள் எத்தனை, வீடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் அச்சானால் போதும், சட்டம் எங்கே நிற்கிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆகவே வழக்கமான கட்டங்களோடு இவற்றையும் சேருங்கள்: யார் கொண்டுவந்து சேர்த்தார்கள், தாய்மொழி, சொந்த மாவட்டம் அல்லது மாநிலம், திருமணமானவரா, ஆதார் இருக்கிறதா, எத்தனை ஆண்டாக இருக்கிறார், கடைசியாக உறவினர் வந்தது எப்போது. ஆள் குறைவான ஊர்களை அடையாளம் தெரியாதபடி ஒன்றாகத் தொகுத்துவிடலாம். இதற்குப் புது கமிட்டி தேவையில்லை, பாதித் தகவல் ஏற்கெனவே கேஸ் ஷீட்டில் கிடக்கிறது, சோஷியல் ஒர்க்கர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

எல்லாம் ஒரே வருஷத்தில் முடியாது என்றால் ஒன்றே ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிய பிறகும் போக இடமில்லாமல் இன்று உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர்? அந்த எண் தெரியாமல், குணமானவர்கள் மருத்துவமனையை விட்டு வந்து தங்குவதற்கான இடைநிலை இல்லங்கள் எத்தனை கட்ட வேண்டும், எந்த மாவட்டத்தில் கட்ட வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

பதிலை எதிர்பார்க்கிறேன்.