தாத்தாவின் ஆம்ப்ளிஃபையர்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள வித்யா,

தாத்தாவின் ஆம்ப்ளிஃபையரை ஜனவரியில் டொராண்டோவுக்கு எடுத்துப் போகிறேன், அதற்குள் அப்கிரேட் செய்து வையுங்கள் என்றாய். மறுநாளே, செய்தால் அந்த இதமான சத்தம் போய்விடுமோ என்று கவலைப்பட்டாய். போனில் அவசரமாகப் பேசிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பவர் சப்ளையில், கரண்டைச் சேமித்துச் சீராக்கித் தரும் இரண்டு பெரிய கெபாசிட்டர்களில் ஒன்றின் தலை லேசாக உப்பியிருக்கிறது. வருஷக்கணக்கான சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் வற்றிவிடும். பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறதே, அது இதனால்தான். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்கும்போது மிஞ்சுகிற 100 ஹெர்ட்ஸ் அலையை இவற்றால் அடக்க முடியவில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதத்தை அதுதான் மூடிவிடுகிறது. இந்த இரண்டையும் மாற்றினால் இதம் போகாது, போனது திரும்பி வரும். அதே மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு), பழையதற்குக் குறையாத வோல்டேஜ், 105 டிகிரி தாங்குகிற சரக்கு. லாமிங்டன் ரோட்டில் வாங்கி வந்துவிட்டேன்.

மற்றதில் கை வைக்க எனக்கு மனமில்லை. நீ வார்ம் என்று சொல்வது ஏதோ ஒரு பார்ட்டில் இல்லை, சர்க்யூட் போட்டவர் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. உதாரணத்துக்கு, 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 என்ற ஆம்ப்ளிஃபையர் சேனலுக்கு 20 வாட்தான். ஆனால் வால்யூம் எல்லை மீறும்போது அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் வளைத்துவிடும் சாஃப்ட் கிளிப்பிங் அதில் உண்டு. நம்முடையதில் அவுட்புட் ட்ரான்சிஸ்டரை மாற்றிவிட்டு, பாட்டு இல்லாதபோதும் அதில் ஓடும் சிறு கரண்டான பயாஸ் கரண்டைச் சரியாக வைக்காவிட்டால் குணம் மாறத்தான் செய்யும். குறைந்தால் மெல்லிய சத்தத்தில் கரகரப்பு வரும், கூடினால் ட்ரான்சிஸ்டர் கொதிக்கும்.

நீ பள்ளியில் படித்தபோது நம் பழைய ரேடியோவின் கெபாசிட்டர்களை ஒரு கடையில் மொத்தமாக மாற்றக் கொடுத்தேன். குரலெல்லாம் மெலிந்து வந்தது. எதனால் என்று கண்டுபிடிக்க வழியில்லை, பழைய பார்ட்ஸையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இந்த முறை கழற்றியதை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைப்பேன். ஒரு வாரம் அதே இசைத்தட்டைக் கேட்ட அப்புறம்தான் அடுத்த யோசனை.

அங்கே 120 வோல்ட், நம்முடையது 230-க்கு மட்டும். பின்பக்கத்தில் வோல்டேஜை மாற்றுகிற சுவிட்சும் இல்லை. 120-ஐ 230 ஆக்கும் நல்ல ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ஆம்ப் இழுக்கும் வாட்டைவிடப் பெரியதாகப் பார்த்து வாங்கி வை.

இன்னொன்று. அந்த இதத்தில் பெரிய பங்கு நம் மரப்பெட்டி ஸ்பீக்கருக்கும் ஹாலில் தொங்கும் கனத்த திரைக்கும் உண்டு. உன் வீட்டு வெறும் சுவரில் சத்தம் கூர்மையாகக் கேட்டால் ஆம்பைச் சந்தேகப்படாதே, முதலில் தரையில் ஒரு கம்பளம் விரி.

நீ வருவதற்குள் கெபாசிட்டர் வேலை முடிந்துவிடும். வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேள். அதற்கு மேல் எதையாவது தொடவேண்டுமா என்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அப்பா