பம்பரைத் தட்டுவதற்கு முன்

அன்பு நண்பா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. காரின் பின் பம்பர் நசுங்கிவிட்டது, நானே தட்டி நேராக்கலாமா, முலாமும் புதிதாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். பின்னால் வந்து இடித்தவன் "சின்ன அடிதானே சார்" என்று சொல்லிவிட்டுப் போனானாமே. அவனுக்கென்ன, அவன் வண்டியில் இருப்பது பிளாஸ்டிக் பம்பர், உன்னுடையது குரோமிய முலாம் போட்ட இரும்பு. அந்தக் காரை உன் அப்பா ஓட்டிய நாளிலிருந்தே எனக்குத் தெரியும் என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இப்போதைக்குச் சுத்தியலைத் தொடாதே. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பம்பரின் இடது முனை பாடியை ஒட்டி உள்ளே போயிருக்கிறது. ஆனால் முனையில் தகட்டின் வளைவு அப்படியேதான் தெரிகிறது. நசுங்கல் இருப்பது நடுவில், நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில். அப்படியானால் முனையை உள்ளே இழுத்திருப்பது அநேகமாகப் பின்னாலிருந்து பம்பரை வண்டியோடு பிடித்திருக்கும் பிராக்கெட்தான். பிராக்கெட் கோணலாக இருக்கும்போதே பம்பரை அடித்து நேராக்கினாயோ, மாட்டும்போது அது மறுபடி கோணலாகத்தான் நிற்கும். அதனால் முதலில் கழற்று. நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவை. பளபளப்பான தலையுள்ள போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் மல்லுக்கட்டாதே, பின்னாலிருக்கும் நட்டை அறுத்துவிடு. நட்டு எங்கும் கிடைக்கும், அந்தப் போல்ட் கிடைக்காது. எந்த இடத்தில் எத்தனை வாஷர் இருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள். பம்பர் பாடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே அந்த வாஷர்கள்தான்.

உன் மைத்துனரின் எழுபதுகளின் அமெரிக்க வண்டிக்காக ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1973 மாடலிலிருந்து அங்கே பம்பருக்குச் சட்டம் வந்தது. மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் மோதினாலும் விளக்கு முதலான பாதுகாப்பு உறுப்புகள் கெடக்கூடாது என்றார்கள். அதனால் பல வண்டிகளில் பம்பருக்கும் சேஸிக்கும் நடுவே ஷாக் அப்சார்பர் மாதிரி சிலிண்டர்கள் இருக்கும். பல சிலிண்டர்களுக்குள் அழுத்தத்தில் வாயு அடைத்திருக்கும். அவற்றைச் சூடாக்கவோ துளையிடவோ கூடாது. உன் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சூடு உன் பம்பருக்கும் ஆகாதுதான். கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் இரும்பு சுலபமாக வளையும், ஆனால் அந்த இடம் மஞ்சளும் நீலமுமாகிவிடும், முலாமும் உரியும். பிராக்கெட்டையும் காய்ச்சாதே, பழைய வண்டிகள் சிலவற்றில் அது ஸ்பிரிங் எஃகு, காய்ச்சினால் விறைப்பு போய்விடும். வைஸில் பிடித்துக் குளிர் நிலையிலேயே நிமிர்த்து.

இனி அந்த நசுங்கல். வலது பாதியின் வளைவை அட்டையில் வெட்டி எடு. அதைத் திருப்பிப் பிடித்தால் இடது பாதிக்கு அச்சு தயார். பம்பரை அசையாமல் கட்டி, பின்பக்கத்திலிருந்து ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தள்ளு. ஜாக்கிக்கும் தகட்டுக்கும் நடுவில் வளைவுக்கேற்பச் செதுக்கிய கெட்டி மரக்கட்டை இருக்கட்டும். தள்ளிய இடத்திலேயே இரும்பு நிற்காது, விட்டதும் கொஞ்சம் திரும்பிவரும். அதனால் அச்சைத் தாண்டி ஒரு நூல் கூடுதலாகத் தள்ளி, விட்டுப் பார், மறுபடி தள்ளு. அழுத்தம் இருக்கும்போதே குழியைச் சுற்றி மேடிட்டிருக்கும் விளிம்பில் மரத்தை வைத்துத் தட்டு. குழி வெளியே வரவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த விளிம்புதான், அது இறங்கினால் குழி தானாக ஏறும். எல்லோரும் அவசரப்பட்டுக் குழியையே அடித்துக்கொண்டிருப்பார்கள். மிச்சமுள்ள சின்ன ஒடுக்குகளை மணல் பையின் மேல் கவிழ்த்து, உள்ளிருந்து உருண்டைத் தலைச் சுத்தியலால் எடு. அடியில் டாலி (தகட்டுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டி) வைத்து அடிக்காதே. இரண்டு இரும்புக்கு நடுவில் மாட்டினால் தகடு மெலிந்து பரவும், குழி இருந்த இடத்தில் மேடு வந்துவிடும்.

சரியாக வந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பதைவிட டியூப்லைட்டின் பிம்பத்தைப் பம்பரில் பார்ப்பது மேல். தலையைப் பக்கவாட்டில் நகர்த்து. அந்த வெள்ளைக் கோடு எங்கே நெளிகிறதோ அங்கே வேலை பாக்கி. எனக்குக் கண்புரை எடுத்த பிறகு இப்படிப் பார்ப்பதே ஒரு வியாதியாகிவிட்டது. தெருவில் நிற்கிற வண்டியையெல்லாம் குனிந்து பார்க்கிறேன் என்று வீட்டில் திட்டு.

இவ்வளவு செய்தாலும் மடிப்பு விழுந்த இடத்தில் முடிக்கோடுகளாய் வெடிப்பு தெரியும். மேலே இருக்கும் குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. மினுமினுப்பைத் தருவது அடியிலிருக்கும் நிக்கல்தான், அது மங்காமல் காப்பதற்குத்தான் குரோமியம். கடினமானது, ஆனால் இரும்போடு சேர்ந்து நீளத் தெரியாது, அதனால் வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியே ஈரம் இறங்கித் துரு வரும்.

முலாம் புதிதாகப் போடலாமா என்றுதானே கேட்டாய்? என்னைக் கேட்டால், இப்போது வேண்டாம். வெடிப்பு மட்டும் என்றால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தோய்த்துத் துருவைத் தேய்த்தெடு, நன்றாகக் காயவைத்து மெழுகு பூசு. உள்பக்கத்துக்குத் துத்தநாக பிரைமர் அடித்துவிடு. பம்பரைத் தின்னும் துரு அதிகமும் உள்பக்கத்திலிருந்துதான் வரும். முலாம் செதில் செதிலாக உரிந்தால் மட்டும் முலாம் பட்டறைக்கு அனுப்பு. பழைய முலாமை இறக்கி, செம்பு ஏற்றி, பஃப் செய்து (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றி), நிக்கல், பிறகு குரோமியம் என்று அவர்களுக்கு நிறைய வேலை. செம்பு ஏற்றிப் பஃப் செய்வார்களா என்று கேட்டுவிட்டுக் கொடு. கீறல்களை நிரப்புவது அந்தச் செம்புதான். கொடுக்குமுன் வடிவம் சரியாக இருக்கட்டும், முலாம் எதையும் மறைக்காது, சின்ன நெளிவைக்கூடக் காட்டிக்கொடுக்கும். கிரைண்டரால் விளிம்புகளை மழுங்கடித்துவிடாதீர்கள் என்றும் சொல்லிவை.

வீட்டில் தொட்டி வைத்து நீயே முலாம் போடும் யோசனையை இங்கேயே விட்டுவிடு. அந்தக் குரோமிக் அமிலம் புற்றுநோய் வரவழைக்கும் சங்கதி. படித்தவன் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

இங்கே எல்லோரும் நலம். முழங்கால்தான் தரையில் உட்கார விடமாட்டேன் என்கிறது, இல்லையென்றால் நானே வந்து ஜாக்கியைச் சுற்றியிருப்பேன். கழற்றியதும் பிராக்கெட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பு. அட்டை வெட்டுவதற்கு முன் வலது பாதி எப்போதாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள். உன் அப்பா அந்த வண்டியைப் பின்னால் எடுக்கிற அழகை நானும் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்